பையில் கிடந்தே தீர்ந்துபோகும் பற்றரி: புளூடூத் கீபோர்ட் புதிதாக வாங்கியவர்களுக்கு

திருகோணமலையில் இருந்து கொழும்புக்கு இரவு பஸ் ஏறியபோது என் மடக்குக் கீபோர்ட் முழுச் சார்ஜில் இருந்தது. பச்சை லைட் வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வயரைக் கழற்றினேன். விடிந்ததும் கொழும்பில் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, கீபோர்ட்டை விரித்தால் மூச்சுப் பேச்சு இல்லை. இரவு முழுக்க நான் ஒரு எழுத்தும் தட்டவில்லை.

தட்டியது பை. சாரம், துவாய், சித்திக்குக் கொண்டுபோன கருவாட்டுப் பொட்டலம் எல்லாம் சேர்ந்து மேலே அழுத்த, கந்தளாயும் ஹபரணையும் தாண்டிப் பஸ் குலுங்கிய போதெல்லாம் ஏதோ ஒரு கீ அமுங்கியிருக்கிறது. கீ அமுங்கினால் கீபோர்ட் விழிக்கும். அதில் கீக்களுக்கு அடியில் லைட் வேறு. பைக்குள்ளே இரவெல்லாம் தனியாகத் தீபாவளி கொண்டாடியிருக்கிறது. போனின் சார்ஜும் பாதியாகிக் கிடந்தது. கீ அமுங்கும்போதெல்லாம் அதன் திரையும் எரிந்து எரிந்து அணைந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் கவனிக்கத் தொடங்கினேன். கீபோர்ட்டின் பற்றரியைத் தீர்ப்பது நம் விரல்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நாள் முழுக்கத் தட்டினாலும் அது பெரிதாகக் குடிக்காது. நாம் தட்டாமல் சும்மா விட்டிருக்கும் நேரத்தில்தான் பற்றரி போகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மடக்குக் கீபோர்ட்டுக்குள் 200 மில்லி அம்பியர் மணித்தியாலப் பற்றரி இருப்பதாக வையுங்கள். ஒரு மில்லி அம்பியர் இழுத்தால் 200 மணித்தியாலம் வரும் என்று அர்த்தம். தட்டும்போது 3 மில்லி அம்பியர் இழுத்தால் அறுபது மணித்தியாலத்துக்கு மேல் வரும். ஒழுங்காகத் தூங்கினால் இழுவை 0.05 மில்லி அம்பியர் அளவுக்கு இறங்கும். அப்படியே வைத்தால் ஐந்து மாதத்துக்கு மேல் கிடக்கும். கீக்களுக்கு அடியில் லைட் எரிந்து 60 மில்லி அம்பியர் போனால் மூன்று மணித்தியாலத்தில் கதை முடிந்துவிடும். எண்கள் கீபோர்ட்டுக்குக் கீபோர்ட் மாறும், விகிதம் ஏறக்குறைய இப்படித்தான். ஆகவே நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: தூங்க வேண்டிய நேரத்தில் அதைத் தூங்க விடுவது. கீழே உள்ளவை எல்லாம் அதற்கான வழிகள்.

முதலில் திருப்பிப் பாருங்கள்

கீபோர்ட்டின் அடியில் சிறு மூடி இருந்தால் அது பற்றரி மாற்றிப் போடும் வகை. அநேகமாக ஏஏஏ, அதாவது டிவி ரிமோட்டுக்குப் போடும் மெல்லியது. சிலவற்றில் ஏஏ, சுவர் மணிக்கூட்டுக்குப் போடுவது. மூடி இல்லாமல் சார்ஜ் போடும் துளை மட்டும் இருந்தால் உள்ளே லித்தியம் பற்றரி இருக்கிறது. மடக்குபவை எல்லாம் அநேகமாக இந்த வகைதான். டப்லெட்டின், அதாவது டப்பின், உறையோடு சேர்ந்து வருபவற்றில் சில டப்பில் இருந்தே மின்சாரம் எடுக்கும். அவற்றுக்குத் தனிப் பற்றரி கிடையாது, தீர்ந்தால் டப்தான் தீரும்.

ரிமோட் பற்றரி வகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். திருகோணமலை மத்திய வீதியில் கடைக்குப் போய் "ரிமோட் பற்றரி ரெண்டு தாங்கோ" என்று மட்டும் கேட்டால் அநேகமாக விலை குறைந்த கார்பன் சிங்க் பற்றரிதான் கைக்கு வரும். மணிக்கூட்டுக்கு அது போதும். கீபோர்ட்டுக்கு 'அல்கலைன்' என்று உறையில் எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். நல்ல அல்கலைன் ஏஏஏ ஒன்று 1000 மில்லி அம்பியர் மணித்தியாலம் அளவுக்குத் தரும். கார்பன் சிங்க் அதில் பாதியைத் தொட்டாலே பெரிது. அத்தோடு அது சீக்கிரம் கசியும். கசிவைப் பற்றிப் பிறகு வருகிறேன், நம் ஊரில் அது தனிக் கதை.

மாற்றும்போது இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையது ஒன்றும் புதியது ஒன்றும் போட்டால் பழையது முதலில் தீர்ந்து, புதியது அதையும் சேர்த்துத் தள்ள வேண்டி வரும். தீர்ந்த பற்றரிக்குள் வலுக்கட்டாயமாக மின்சாரம் போனால் அது கசியத் தொடங்கும்.

திரும்பச் சார்ஜ் போடும் ஏஏஏ பற்றரியும் பாவிக்கலாம். அது 1.2 வோல்ட், சாதாரணமானது 1.5 வோல்ட். பெரும்பாலான கீபோர்ட்கள் இரண்டிலும் ஓடும், சதவீதக் கணக்கு மட்டும் குழம்பும். பாதிதான் மிச்சம் என்று காட்டியே வாரக்கணக்கில் ஓடிவிட்டு, அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். அந்த எண்ணை நம்ப வேண்டாம். பையில் இன்னொரு சோடி வைத்திருங்கள்.

சுவிட்ச் எங்கே இருக்கிறது தெரியுமா?

அக்காவின் மகள் போன மாதம் கீபோர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மாமா, ரெண்டு நாளைக்கு ஒருக்கா சார்ஜ் போடுறன். பழுதான சாமானைத் தந்திட்டாங்கள் போல."

"ராவில எங்க வைப்பாய் பிள்ளை?"

"மேசையில, போனுக்குப் பக்கத்தில."

"சுவிட்ச்சை நிப்பாட்டுறனியா?"

"சுவிட்ச் இருக்கா?"

இருந்தது. வலது ஓரத்தில், அரிசி மணி அளவில், உடம்பின் கறுப்போடு கறுப்பாக. எந்தப் பக்கம் தள்ளினால் நிற்கும் என்பதும் தெரியாது. எழுத்து அவ்வளவு சிறிது. அவளுடைய சிவப்பு நகப் பூச்சில் ஒரு சொட்டு எடுத்து, நிற்கும் பக்கத்தில் புள்ளி வைத்தோம். புள்ளி தெரிந்தால் கீபோர்ட் நின்றிருக்கிறது. இதைவிட மலிவான, பலன் தரும் வேலை இந்தக் கட்டுரையில் வேறு இல்லை.

கொஞ்ச நேரம் தட்டாமல் விட்டால் கீபோர்ட் தானாகத் தூங்கிவிடும் என்பது உண்மைதான். பல கீபோர்ட்கள் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தூங்கும். ஆனால் தூக்கம் வேறு, நிறுத்தம் வேறு. தூங்கும் கீபோர்ட்டை ஒரு தொடுகை எழுப்பும். மேசையில் கொப்பி விழுந்தாலும் எழும், பூனை நடந்தாலும் எழும். நிறுத்தியதை நீங்கள் மட்டும்தான் எழுப்பலாம். வீட்டில் பத்து நிமிடம் எழுந்து போனால் தூங்கட்டும். படுக்கப் போகும்போதும், பைக்குள் வைக்கும்போதும் சுவிட்ச்.

சில மடக்குக் கீபோர்ட்களுக்குச் சுவிட்சே இருக்காது. மடித்தால் நிற்கும், விரித்தால் ஓடும். உள்ளே ஒரு சிறு காந்தமும் அதை உணரும் ஒரு பாகமும் இருக்கின்றன. இரண்டு மடலும் ஒட்டியிருக்கும்வரை நின்றிருக்கும். பைக்குள் ஒரு விரற்கடை திறந்தாலே விழித்துவிடும். என் பஸ் கதையில் நடந்ததும் அதுதான். இதற்கு ஒரு நல்ல ரப்பர் வளையம் போதும். மடித்து, இறுக்கமாகப் போட்டுவிடுங்கள்.

பைக்குள் வைக்கும் விதம்

மடக்காத, தட்டையான கீபோர்ட் என்றால் கீக்கள் எப்போதும் வெளியே தெரியும். இவற்றைச் சுவிட்ச் போட்டு நிறுத்தியபிறகும் ஒரு மட்டையோடு வைப்பது என் பழக்கம். சேலைப் பெட்டியின் மட்டையைக் கீபோர்ட் அளவுக்கு வெட்டி, இரண்டு ஓரத்தையும் ஒரு விரல் அகலத்துக்கு மடித்துவிட்டால் கீக்களுக்கு மேலே பாலம் மாதிரி நிற்கும். அழுத்தம் ஓரத்தில் இறங்கும், கீயில் இறங்காது. கடையில் விற்கும் மெல்லிய துணி உறை கீறல் படாமல் காக்குமே தவிர அழுத்தத்தைத் தடுக்காது.

கீக்கள் உள்ள பக்கம் லப்டொப்பின் தட்டையான முதுகைப் பார்த்து இருக்கட்டும். சார்ஜர், தண்ணீர்ப் போத்தல் பக்கம் திருப்ப வேண்டாம்.

லைட்டை அணையுங்கள்

இது சின்ன விஷயம், பலன் பெரிது. லொஜிடெக் எம்எக்ஸ் கீஸ் கீபோர்ட்டுக்குக் கம்பனியே சொல்லும் கணக்கு: லைட்டோடு 10 நாள், லைட் இல்லாமல் 5 மாதம். லைட்டே இல்லாத அவர்களுடைய கே380 இரண்டு ஏஏஏ பற்றரியில் 2 வருடம் ஓடும் என்கிறார்கள். பெரிய வித்தியாசம் லைட்டில்தான்.

எப்என் என்று எழுதிய கீயோடு, பல்ப் அல்லது சூரியன் படம் போட்ட கீயை அமுக்கினால் லைட் படிப்படியாகக் குறைந்து அணையும். கரண்ட் போன இரவில் ஏற்றிக்கொள்ளுங்கள், அதற்குத்தானே இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது போனும் கீபோர்ட்டும்தான் என்னைக் காப்பாற்றின. கரண்ட் வந்ததும் லைட்டை அணைக்க நான் மறந்த நாட்கள்தான் அதிகம்.

இல்லாத போனைத் தேடும் கீபோர்ட்

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட கீக்கள் உள்ள கீபோர்ட் மூன்று கருவிகளோடு மாறி மாறி இணையும். இரண்டாம் எண்ணில் அலுவலகக் கொம்பியூட்டரை இணைத்து வைத்தீர்கள், வீட்டில் கீபோர்ட்டைத் திறக்கும்போது அது இன்னும் இரண்டில் நிற்கிறது என்றால், இல்லாத கொம்பியூட்டரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கூப்பிடுவதற்கும் மின்சாரம் போகும். வேலை முடிந்து மூடும்போது போனுக்குரிய எண்ணுக்கு மாற்றிவிட்டு நிறுத்துங்கள்.

விற்றுப்போட்ட பழைய போன், தம்பி ஒருநாள் இணைத்துப் பார்த்த டப் எல்லாவற்றையும் மறக்கச் செய்வது நல்லது. இதற்குக் கீபோர்ட் பக்கத்திலும் போன் பக்கத்திலும் நீக்க வேண்டும். போனின் புளூடூத் செட்டிங்ஸில் கீபோர்ட்டின் பெயரைத் தொட்டு மறக்கச் சொல்லுங்கள். கீபோர்ட்டில் எந்தக் கீயை நெடுநேரம் அமுக்க வேண்டும் என்பது கூட வந்த தாளில் இருக்கும். அந்தத் தாளை எறிந்துவிட்டீர்கள் என்றால் பெட்டியின் அடியில் தேடிப் பாருங்கள், சில வேளை அங்கேயும் அச்சடித்திருப்பார்கள்.

புளூடூத் இல்லாமல், யூஎஸ்பி துளையில் ஒரு சின்னக் குமிழ் சொருகி ஓடும் வகை என்றால் அதை லப்டொப்பின் நீல நிற யூஎஸ்பி துளைக்குப் பக்கத்தில் சொருகாதீர்கள். வேகமான அந்தத் துளையில் பென் டிரைவ் ஓடும்போது வரும் இரைச்சல், குமிழ் பேசும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும். எழுத்து விடுபடும், கீபோர்ட் சொன்னதையே திரும்பச் சொல்லிக் களைக்கும்.

சார்ஜ் போடும்போது நடக்கும் இரண்டு கூத்துகள்

ஒன்று டைப்-சி வயர். புதிய போனோடு வந்த, இரண்டு முனையும் டைப்-சி ஆக உள்ள வயரைச் சொருகினால் விலை குறைந்த சில கீபோர்ட்கள் சார்ஜே ஆகாது. இரவெல்லாம் சொருகி வைத்துவிட்டுக் காலையில் "பற்றரி நிற்குதில்லை" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் நடந்திருக்கும் என்பது என் சந்தேகம். டைப்-சி சார்ஜர் மறுமுனையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துத்தான் மின்சாரம் விடும். அதைக் காட்டுவதற்குக் கீபோர்ட்டுக்குள் 5.1 கிலோ ஓம் தடையி (ரெசிஸ்டர்) என்ற சிறு பாகம் இருக்க வேண்டும். சில கம்பனிகள் அந்தச் சதக் கணக்குச் சாமானை மிச்சம் பிடித்துவிடுகின்றன. பழைய அகலமான யூஎஸ்பி முனை ஒரு பக்கமும் டைப்-சி மறுபக்கமும் உள்ள வயரைப் போட்டால் பிரச்சினை தீரும். அநேகமாகப் பெட்டிக்குள் வருவதே அந்த வயர்தான். அதைப் பத்திரப்படுத்துங்கள்.

மற்றது பவர் பேங்க். கீபோர்ட் இழுக்கும் மின்சாரம் மிகக் கொஞ்சம் என்பதால் ஒன்றுமே சொருகவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்க்குகள் அரை நிமிடத்தில் தானாக நின்றுவிடும். போனையும் கூடச் சேர்த்துச் சொருகினால் நிற்காது. சிலவற்றில் பட்டனை இரண்டு தரம் அமுக்கினால் சின்னச் சாமான்களுக்கான முறைக்கு மாறும்.

லித்தியம் பற்றரியை முற்றிலும் தீரவிட்டுச் சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய காலத்துப் பற்றரிகளோடு வந்த பழக்கம். இப்போது அது கெடுதல். இருபது சதவீதம் ஆனதும் போடுங்கள். பரீட்சை முடிந்து இரண்டு மூன்று மாதம் தொடப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் நிறுத்தி வையுங்கள். தீர்ந்த நிலையில் அலுமாரிக்குள் போட்டால் திரும்ப எழும்பாமலே போகலாம்.

உப்பும் வெக்கையும்

இனி நம் ஊர்க் கதை. கடற்கரையில் இருந்து எட்டிய தூரத்தில் வீடு இருந்தால் யன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் பொரிந்து போகிறது. பற்றரி வைக்கும் இடத்தில் உள்ள மெல்லிய சுருள் கம்பி எம்மாத்திரம்? மாரிக் காலத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்து அதன் மேல் படியும். படிந்த கம்பியில் மின்சாரம் சிரமப்பட்டுத்தான் போகும். பற்றரியில் உயிர் இருக்கும், கீபோர்ட்டுக்கு வந்து சேராது. நீங்கள் பற்றரி தீர்ந்தது என்று எண்ணிப் புதியது வாங்குவீர்கள்.

மூடியைக் கழற்றிச் சுருள் கம்பியை வெளிச்சத்தில் பாருங்கள். சீனி தூவியது போல வெள்ளையாகப் பூத்திருந்தால் அது அல்கலைன் பற்றரியின் கசிவு. பற்றரியை எடுத்துவிடுங்கள். ஒரு காது குடையும் பஞ்சுக் குச்சியைத் தேசிக்காய்ச் சாற்றில் அல்லது வினாகிரியில் தோய்த்து, நன்றாகப் பிழிந்து, பூத்த இடத்தில் மட்டும் தொடுங்கள். மெல்ல நுரைக்கும். கசிந்தது காரம், சாறு அமிலம். நுரை அடங்கியதும் இன்னொரு குச்சியில் பார்மசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் அழிறப்பரால் இலேசாகத் தேயுங்கள். அரை நாள் திறந்தபடி காய விட்டுத்தான் பற்றரி போட வேண்டும். அந்த வெள்ளைப் பூவை விரலால் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்காதீர்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் பாவிக்காவிட்டால் பற்றரியைக் கழற்றித் தனியே வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் நீடிக்கும் என்று சொல்வார்கள். நம் காற்றில் வெளியே எடுத்த உடனே வியர்த்து நனைந்துவிடும், வேண்டாம்.

வெக்கை லித்தியம் வகைக்கு எதிரி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியான வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் சீட்டுப் பெட்டிக்குள் கையை வைத்துப் பாருங்கள், அதுவே போதும். அதற்குள் கீபோர்ட்டை வைத்துவிட்டு நிலாவெளியில் குளிக்கப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெயிலில் சூடேறிய கீபோர்ட்டை வீட்டுக்கு வந்ததும் சார்ஜில் போடாதீர்கள். தொட்டால் சாதாரணமாக இருக்கும்வரை ஆறட்டும்.

எல்லாம் செய்தும் தீர்கிறதா?

அப்படியானால் எங்கே போகிறது என்று பிடிக்க வேண்டும். இதற்குச் சில நாள் பொறுமை வேண்டும். அண்ட்ரொய்ட் போனின் புளூடூத் செட்டிங்ஸிலும், விண்டோஸ் 10, 11 கொம்பியூட்டர்களின் புளூடூத் பக்கத்திலும் பல கீபோர்ட்களின் சதவீதம் தெரியும்.

முதல் மூன்று இரவு சுவிட்சை நிறுத்தி வையுங்கள். ஒவ்வொரு காலையும் சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று இரவு சுவிட்ச் ஓடட்டும், போனின் புளூடூத்தை மட்டும் அணையுங்கள். கடைசி மூன்று இரவு எல்லாவற்றையும் ஓட விடுங்கள். ஒரே இரவில் முடிவு சொல்லாதீர்கள், சதவீதம் பத்துப் பத்தாகத் தாவும் கீபோர்ட்களும் உண்டு.

நிறுத்தியிருந்தும் இறங்குகிறது என்றால் பற்றரியின் ஆயுள் முடிந்திருக்கிறது, அல்லது உள்ளே ஈரம் போயிருக்கிறது. போனின் புளூடூத் அணைந்தபோது மட்டும் இறங்கினால் கீபோர்ட் போனைத் தேடிக்கொண்டே இருக்கிறது. எல்லா இணைப்பையும் அழித்துப் புதிதாக இணையுங்கள். எல்லாம் ஓடும்போது மட்டும் இறங்கினால் இணைப்பில் நின்றபடி அது தூங்கப் போவதில்லை. ஏதாவது கீ பாதி அமுங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். தேத்தண்ணி சிந்திய இடம், மணல் போன இடம். உப்புவெளிக் கடற்கரையில் எழுத ஆசைப்படுபவர்களுக்கு இது வரும்.

கீபோர்ட் மேசையில் தட்டையாக உட்காராமல் நடு உயர்ந்து ஆடினால் உள்ளே லித்தியம் பற்றரி வீங்கியிருக்கலாம். சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்துங்கள். ஊசியால் குத்திப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம், தீப்பிடிக்கும். போன் திருத்தும் கடையில் காட்டுங்கள். மாற்றக்கூடியது என்றால் மாற்றித் தருவார்கள்.

என் மடக்குக் கீபோர்ட் வீங்கவில்லை, கிழடாகிவிட்டது. இப்போது வயரைச் சொருகியபடி வீட்டில் மட்டும் ஓடுகிறது. கொழும்புக்குப் போகும்போது கொண்டுபோவது லைட் இல்லாத, ரிமோட் பற்றரி போடும் ஒன்று. மேலே சேலைப் பெட்டி மட்டை. கருவாட்டுக்கு இப்போது வேறு பை.